பானைமேல் பாலித்தீன்

ரெயின்கோட்டின் கை நுனியில் இருந்த எலாஸ்டிக்கை விரலால் அகட்டி, கையைக் கீழே தொங்கவிட்டான். சொட்டவில்லை, ஊற்றியது. மெரினா மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சென்னையில் மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது. அவ்வளவும் அவன் உடம்புத் தண்ணீர்.

"இன்னைக்கு ஒரு கிலோ போயிருக்கும் சார்" என்றான். கண் சிவந்திருந்தது, மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன். எழுத்துத் தேர்வு முடித்துவிட்டான். அடுத்தது ஓட்டம்: 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எடை கொஞ்சம் குறைந்தால் வேகம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மே மாதத்தில், டீ-ஷர்ட்டுக்கு மேல் பைக் ஓட்டுகிறவர்கள் மழைக்கு மாட்டும் ரெயின்கோட்டைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறான்.

எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. அந்த உரிமையும் எனக்கு இல்லை. 30 வருடத்துக்கு மேல் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். "நல்லா வேர்க்கட்டும்டா, அப்பதான் பலன்" என்று சொல்லிப் பிள்ளைகளை இரண்டு சட்டை போட்டு ஓடவிட்ட காலமும் உண்டு. யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது அந்தப் பிள்ளைகளின் நல்ல நேரம். விவரம் தெரிந்த பிறகு அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் இப்படி யாரையாவது பார்த்தால் விட்டுவிட்டுப் போக முடிவதில்லை.

"வா தம்பி, ஒரு டீ சாப்பிடலாம். முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு. ஒரு பாட்டில் தண்ணி குடி."

டீக்கடை மாஸ்டர் குவளைக்கும் கிளாஸுக்குமாகக் கை நீளத்துக்கு டீயை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். "அவர் ஏன் ஆத்துறார், சொல்லு."

"சூடு குறையத்தான் சார்."

"எப்படிக் குறையுது?"

யோசித்தான். "காத்துப் படுதுல்ல?"

சரியான பதில்தான். டீயைக் கயிறு மாதிரி இழுக்கும்போது அதன் மேற்பரப்பு பல மடங்கு விரிகிறது, அத்தனை பரப்பிலும் காற்றுப் படுகிறது. கூடவே கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. போகிற ஆவி சும்மா போவதில்லை, சூட்டையும் எடுத்துக்கொண்டுதான் போகும். இரண்டு கிளாஸ் டீ வந்ததும் ஒன்றைத் திறந்தபடி வைத்தேன். இன்னொன்றின் மேல் பிஸ்கட் பாட்டில் மூடியைக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியை எடுத்து அதன் உள்பக்கத்தைக் காட்டினேன். முத்து முத்தாக நீர். "உன் கோட்டுக்குள்ள இருந்ததும் இதுதான்" என்று சொல்லி மூடியைத் திரும்பக் கவிழ்த்தேன்.

ஓடுகிற உடம்பில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் கால்வாசியைக்கூடத் தசைகள் முழுசாக வேலையாக மாற்றுவதில்லை. மீதி முக்கால் பங்குக்கு மேல் வெப்பம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு, சுமார் 80 முதல் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அது ஏறக்குறைய 750 வாட் ஆகிவிடும். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வயிற்றுக்குள் போட்டுச் சுவிட்சைத் தட்டியதுபோல. இந்தப் பையன் தேர்வில் ஓட வேண்டிய வேகம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்தச் சூடு வெளியேற வழியே இல்லையென்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ உடம்பு ஐந்து, ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் ஏறிக்கொண்டே போகும். உடம்பின் உள்சூடு சாதாரணமாக 37 டிகிரி. 40ஐத் தாண்டினால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். கால் மணி நேரம்தான் கணக்கு. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. காரணம், உடம்பு ஓயாமல் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் தசையிலிருந்து சூட்டைச் சுமந்து தோலுக்குக் கொண்டுவருகிறது. தோலிலிருந்து அது காற்றுக்குப் போக வேண்டும்.

குளிர்ந்த ஊரில் இது எளிது. தோல் 33, 34 டிகிரியில் இருக்க, வெளியே 15 டிகிரி என்றால் சூடு தானாகவே இறங்கி ஓடிவிடும். சென்னையில் மே மாதம் விடிகாலையிலேயே 29, 30 டிகிரி. தோலுக்கும் காற்றுக்கும் நாலைந்து டிகிரிதான் வித்தியாசம், பத்து மணிக்கு மேல் அதுவும் இல்லை. காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் போக்குவரத்து திசை மாறிவிடும், வெளிச்சூடு உள்ளே வரத் தொடங்கும். அப்போது மிஞ்சுகிற ஒரே வழி வேர்வை.

"அதான் சார் நான் வேர்க்க வைக்கிறேன்" என்றான் பையன். அவன் பக்கத்து நியாயம் அது.

மண்பானையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் ஆத்தா வீட்டில் கோடைக்குப் பானையில்தான் தண்ணீர் வைப்பார்களாம். அடியில் ஆற்று மணல் கொட்டி, அதன்மேல் பானை. பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் வரும். அங்கே காய்கிறபோது பானையின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். அந்தப் பானையை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால்? கசிவு நிற்காது. பைக்குள் நீர் தேங்கும். ஆனால் தண்ணீர் குளிராது. கசிவதால் மட்டும் பானை குளிர்வதில்லை, கசிந்தது காய்வதால்தான் குளிர்கிறது.

வேர்வையும் அப்படியே. ஒரு லிட்டர் வேர்வை தோலிலேயே முழுசாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல இது எட்டு மடங்கு. முன்னே சொன்ன அந்த இஸ்திரிப் பெட்டிச் சூட்டைச் சமாளிக்க மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வேர்த்தால் போதும், அத்தனையும் காய்ந்துவிட்டால். மனித உடம்பால் அதற்கு மேலும் வேர்க்க முடியும். சிக்கல் காய்வதில்தான். புருவத்திலிருந்து சொட்டி மணலில் விழுந்த துளி உடம்பை ஏறக்குறைய குளிர்விக்கவே இல்லை. ரெயின்கோட் கையிலிருந்து ஊற்றினானே, அந்தத் தண்ணீரும் வேலை பார்க்காமலே வெளியேறியதுதான்.

கோட்டுக்குள் நடப்பதை மெதுவாகச் சொன்னேன். தோலுக்கும் துணிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். எந்த உடை போட்டாலும் நம் உடம்புக்குத் தெரிகிற வானிலை அந்தப் படலத்துடையதுதான். வெளியே என்ன அடித்தாலும் உள்ளே அதுதான் ஊர். பனியன் போட்டவனின் படலம் ஓட ஓட மாறிக்கொண்டே இருக்கும். ஈரக்காற்று வெளியே போகும், புதுக்காற்று உள்ளே வரும். ரெயின்கோட் போட்டவனின் படலம் சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு துளி காய வேண்டுமென்றாலும் இடமில்லை. சூடு இறங்காததைக் கண்டு உடம்பு இன்னும் வேர்க்க வைக்கிறது. அது உதவாததால் இன்னும் வேர்க்கிறது. இதற்கெல்லாம் நீர் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். காலுக்கும் ரத்தம் வேண்டும், சூட்டைத் தள்ளத் தோலுக்கும் ரத்தம் வேண்டும், இருக்கிற ரத்தமோ குறைந்துகொண்டே வருகிறது. இதயம் ஓடுகிற வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் படபடவென்று அடிக்கிறது. அவனுக்குக் கண் சிவந்து மூச்சு அடங்காமல் இருந்ததை உழைப்பின் அடையாளம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஆனா எடை குறையுதே சார்? மெஷின்ல காட்டுதே?"

காட்டும். ஒரு லிட்டர் வேர்வை ஒரு கிலோ. மதியத்துக்குள் தண்ணீர், மோர், சாம்பார் வழியாக அது திரும்பி வந்துவிடும். வர வேண்டும், வராவிட்டால்தான் ஆபத்து. கொழுப்புக் கணக்கு வேறு. 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 70 கிலோ கலோரி செலவாகும், ஐந்து கிலோமீட்டருக்கு 350. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய சுமார் 7,700 வேண்டும். செலவான அத்தனையும் கொழுப்பிலிருந்தே போனதாக வைத்துக்கொண்டாலும் 45 கிராம்தான். விரல் விட்டு எண்ணிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். முகம் வாடியது. பாவமாக இருந்தது எனக்கு. ஆனால் அதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: கோட் இல்லாமல் ஓடினால் சீக்கிரம் களைப்பு வராது, ஐந்து கிலோமீட்டரை ஆறாக்கலாம். அந்த ஆறாவது கிலோமீட்டர்தான் எடையைக் குறைக்கும், வேகத்தையும் கூட்டும்.

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததையும் சொன்னேன். பயமுறுத்துவதற்காக அல்ல. அந்த மூன்று பிள்ளைகளும் இவன் வயதுக்காரர்கள்தான். கல்லூரி மல்யுத்த வீரர்கள், வெவ்வேறு ஊர்களில் படித்தவர்கள். தங்கள் எடைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து, ஆவி புகாத ரப்பர், பிளாஸ்டிக் உடைகளை மாட்டிக்கொண்டு சூடான அறையில் பயிற்சி செய்தார்கள். நவம்பரிலும் டிசம்பரிலுமாக, ஒரு மாதத்துக்குச் சற்று கூடுதலான நாட்களுக்குள், மூவரும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அந்த நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அப்படிப்பட்ட உடைகளைத் தடை செய்தது. நம் ஊர் குத்துச்சண்டை, பளு தூக்கும் கூடங்கள் சிலவற்றில் 'வெயிட் கட்' என்று அதையே இன்றும் செய்கிறார்கள். விளையாட்டுச் சாமான் கடைகளில் 'சவுனா சூட்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

அவன் திறந்திருந்த கிளாஸை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தான். நானும் விஷயத்துக்குத் திரும்பினேன். கோட் வேண்டாம் என்றால் என்ன போடுவது?

புழுக்கம் என்று நம் மொழியில் இருக்கிற சொல் அருமையான சொல். வெயிலைக் குறிப்பதல்ல அது, ஈரம் நிறைந்த காற்று அசையாமல் நிற்பதைக் குறிப்பது. கடற்கரை ஊர்களில் விடிகாலையில் வெயில் இருக்காது, புழுக்கம் இருக்கும். காற்றே ஏற்கெனவே நீரைக் குடித்து நிறைந்திருப்பதால் வேர்வை காய மறுக்கும். 2019இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றார்கள். உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரிகள், உடம்பில் துணியென்று இருந்ததும் கொஞ்சம்தான். காற்று ஈரத்தை வாங்க மறுத்தால் உடையைக் குறைத்து மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என்பதற்கு அது சாட்சி. அப்படிப்பட்ட காலையில் உடை கூடக் குறுக்கே நிற்பானேன்?

ஆகவே மெல்லியது, தளர்ந்தது, கை குட்டையானது. தளர்வு முக்கியம். கை காலை ஆட்டும்போது தளர்ந்த துணி விசிறி மாதிரி காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். துருத்தி வேலை அது. ஓடுகிற வேகமே ஒரு காற்றுதான், 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவனுக்கு எதிர்க்காற்று அதே 12 கிலோமீட்டர். இதில் ஒரு நுட்பம் உண்டு: முதுகுப் பக்கமிருந்து அதே வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது காற்றே இல்லாத மாதிரி. அந்தத் திசையில் ஓடும்போது திடீரென்று வேர்வை கொட்டுவதை எத்தனையோ பேர் கவனித்திருப்பார்கள்.

"காட்டனா, பாலியெஸ்டரா சார்?" எல்லோரும் கேட்கிற கேள்வி. திருப்பூரில் இரண்டையும்தான் மலை மலையாகப் பின்னித் தைக்கிறார்கள். பருத்தி இழை நீரை உள்ளே குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீத அளவுக்கு ஈரம் வைத்திருக்கும் இழை அது. பாலியெஸ்டர் இழை குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக நீரைப் பரப்பிவிடும். அதனால் சீக்கிரம் காயும், எடை ஏறாது, உடம்போடு ஒட்டாது. நனைந்த பருத்தி கனக்கும், அக்குளில் உரசிப் புண்ணாக்கும். இவ்வளவுக்கும் பிறகு உடம்பின் உள்சூட்டை அளந்து பார்த்தால், மிதமான வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. விளம்பரங்கள் சொல்வதில் பாதிதான் தேறும். வேர்வை துணியின் வெளிப்பக்கத்தில் காய்ந்தால், அது எடுத்துப் போகும் சூட்டில் ஒரு பங்கு தோலிலிருந்து அல்லாமல் சுற்றுக் காற்றிலிருந்து வருகிறது. தோலிலேயே காய்வதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆயிரம் ரூபாய் டீ-ஷர்ட் வாங்க வழியில்லாத பையன் வருத்தப்பட வேண்டியதில்லை, கையில்லாத மெல்லிய பனியன் அவனுக்குப் போதும்.

இங்கே ஒரு கேள்வி எழும். தோலிலேயே காய்வதுதான் சிறப்பு என்றால் வயலில் களை எடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்களே, கட்டடச் சித்தாள்களும் அப்படித்தானே? அவர்களுக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். அவர்களுடைய சுமை வேறு. நாள் முழுக்க, நிதானமான வேலை, தலைக்கு நேரே வெயில். உள்ளே பிறக்கும் சூட்டைவிட மேலே விழும் சூடு அவர்களை வாட்டுகிறது. பழைய தளர்ந்த சட்டை ஒரு நடமாடும் நிழல். தலையில் சுற்றிய துண்டும் அதே. விடிகாலையில் ஓடுகிறவனுக்கு நிலைமை நேர் எதிர்: சூடு உள்ளே பிறக்கிறது, மேலே வெயில் இல்லை. ஒரே மண்ணில், ஒரே மாதத்தில், இருவருக்கும் இரண்டு வித உடை சரியாக இருப்பது இதனால்தான்.

நிறத்தைப் பற்றியும் கேட்டான். நெகேவ் பாலைவனத்தில் பெதுயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்குகிறது. ஆனால் அங்கி தளர்ந்திருப்பதால், அந்த அதிகச் சூடு தோலைத் தொடுமுன் காற்றோடு போய்விடுகிறது. தோலுக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றே. அது தொளதொள அங்கியின் கதை. உடம்போடு ஒட்டிய கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெயில் ஏறிய பிறகு ஓடுவதானால் வெளிர்நிறம் போடட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே கடற்கரையில், அதே தேர்வுக்காக ஓடுகிறார்கள். முழு நீள டிராக், அதற்குள் லெக்கிங்ஸ், மேலே தடித்த டீ-ஷர்ட், அதற்கும் மேலே அண்ணனின் சட்டை. அவர்கள் அறியாமல் போட்டதல்ல, பார்க்கிற கண்களுக்காகப் போட்டது. ஒரே தூரத்தை ஓட அவர்கள் உடம்பு கூடுதல் விலை கொடுக்கிறது. முழுக்கையே வேண்டுமென்றாலும் ஒரே அடுக்காக, மெல்லியதாக, தொளதொளவென்று இருந்தால் பாதிச் சங்கடம் தீரும். உள்ளே இருக்கும் இரண்டாவது அடுக்குதான் காற்றுப் படலத்தைச் சிறைப்பிடிக்கிறது. மீதிச் சங்கடத்துக்கு உடை மாறிப் பயனில்லை, பார்க்கிறவர்கள் மாற வேண்டும்.

"ஆனா சார், வெயிலுக்கு உடம்பு பழகணும்ல?"

பழக வேண்டும், பழகும். பத்துப் பதினைந்து நாள் வெக்கையில் மிதமாக ஓடினாலே உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், வேர்வையில் உப்பு குறையும், இதயத்துடிப்பு தணியும். அதற்குச் சென்னை மே மாதமே தாராளம், கோட் தேவையில்லை.

கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னேன். கூட ஓடுகிறவன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், பேர் கேட்டால் முழித்தால், வேர்வை நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. இது வெப்பத் தாக்கு. ஓடி ஓடி வருகிற வெப்பத் தாக்கில் உடம்பு முழுக்க வேர்வையோடுதான் பெரும்பாலும் விழுவார்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் அதையும் வைக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் 108க்கு போன் போடட்டும், மற்றவர்கள் வண்டி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது.

வெயில் மணலில் ஏறத் தொடங்கிவிட்டது. மூடி போட்ட கிளாஸை நான் எடுத்தேன். இத்தனை பேச்சுக்குப் பிறகும் டீயில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. அவன் ரெயின்கோட்டை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, கடைக்காரரின் கொடிக்கயிற்றில் போட்டான்.

"காயட்டும் சார். அக்டோபர்ல வண்டி ஓட்டும்போது வேணும்."

நாளைக்கு ஆறு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு, பனியனோடு மேன்ஷன் பக்கம் நடந்தான்.